வடக்குச் சுவர் யன்னல்

1

அண்ணை மகள் துளசியின் கல்யாணக் கார்ட் அச்சாகி வந்துவிட்டது. சிவப்பு அட்டை, தங்க எழுத்து, மேலே பிள்ளையார். ஊரில் இருக்கும் உங்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புவதற்காக மேசையில் அடுக்கி வைத்தேன். இன்னும் அடுக்கியபடியே கிடக்கிறது. என் அண்ணையின் பெயருக்கு முன்னால் இருக்கும் சொல்லைப் பார்த்ததும் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எப்போது செய்தி வந்தது, யார் சொன்னது, ஏன் எங்களுக்கு அறிவிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் பதில் சொல்ல என்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் இதை மச்சாளிடம் கதைக்க வேண்டாம்.

பேய்க் கதைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இங்கே சிட்னியில், வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கத்திகளையும் கத்தரிக்கோல்களையும் கிருமி நீக்கிக் கொடுப்பது என் வேலை. கண்ணுக்குத் தெரியாததை நம்பித்தான் சம்பளம் வாங்குகிறேன், உண்மை. ஆனால் அது கிருமி. அதற்கு மருந்து இருக்கிறது.

2

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறேன். செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச நேரம் போனால் ஒரு பழைய கல் தேவாலயம். அதன் பின்னால் உள்ள மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத்தான் பள்ளி நடக்கிறது. சிலுவைக்குக் கீழே நின்று சைவக்காரி ஒருத்தி ஆத்திசூடி சொல்லிக்கொடுப்பதை ஊரில் யாரும் பார்த்தால் சிரிப்பார்கள். பிள்ளைகள் ‘வணக்கம் டீச்சர்’ என்று இராகமாகச் சொல்லிவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். கழிப்பறைக்குப் போக மட்டும் தமிழில் கேட்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். அவசரத்துக்குத் தமிழ் நன்றாகவே வருகிறது.

மச்சாளும் என்னோடு வருவார். மச்சாள் என்றால் என் அண்ணையின் மனைவி. மகள் துளசியோடு இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். பள்ளியில் கதிரைகளை அடுக்கித் தருவார், தேநீர் போடுவார். பிறகு மண்டபத்துக்கும் தேவாலயத்துக்கும் இடையில் உள்ள கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் இருந்துவிடுவார். அங்கே குளிர்மையாக இருக்கிறதாம். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மேற்கு சிட்னியின் மாசி மாத வெயிலில் இலவசமாகக் குளிர்மை கிடைத்தால் எந்தச் சாமியின் வீடாக இருந்தால் என்ன?

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்பவர் ஹெலன் என்ற வயதான வெள்ளைக்காரப் பெண்மணி. சாவியும் அவரிடம்தான், சரித்திரமும் அவரிடம்தான். ஒருநாள் ஒரு தாளை நீட்டி, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தாய் தகப்பன்மார் வாசிக்கட்டும், இதைத் தமிழில் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். தேவாலயத்தின் வடக்குச் சுவரில் பதித்திருக்கும் ஒரு சின்னக் கல் யன்னலின் கதை அது. நானும் வீட்டுக்குக் கொண்டுபோய், வெங்காயம் வதங்குகிற இடைவெளியில் குசினியிலேயே எழுதி முடித்தேன். ‘ஆங்கரஸ்’ என்பவளுடைய யன்னல் என்று இருந்தது. ஆங்கர் என்றால் நங்கூரம். ஆற்றங்கரைப் பட்டினம் என்றும் இருந்தது. சந்தேகமே வரவில்லை. ‘நங்கூரக்காரியின் யன்னல்’ என்று தலைப்புப் போட்டு, கப்பல்காரன் பெண்சாதியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை, அவளுடைய கப்பலுக்கு என்ன நடந்தது என்று ஹெலனிடம் கேட்டேன். அவர் வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிந்ததும் யன்னலுக்கு முன்னால் என்னை இருத்திவைத்துச் சொன்னார்.

3

இங்கிலாந்தில், செம்மறி மயிர் விற்றுப் பணக்காரரானவர்கள் வாழ்ந்த ஒரு பழைய பட்டினம். ஊரின் நடுவே பெரிய கோபுரத்தோடு அவர்களுக்கு ஒரு தேவாலயம். ஆற்றங்கரையில் தோல் பதனிடுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களின் நாற்றம் பெரிய தேவாலயத்துக்கு ஒத்துவரவில்லை போலும். அவர்களும் தங்களுக்கென்று சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். ஐந்நூறு அறுநூறு வருடத்துக்கு முன், நல்லூரில் எங்கள் அரசர்கள் இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சின்னத் தேவாலயத்தின் வடக்குச் சுவரோடு ஒட்டி ஒரு அறை. வடக்குப் பக்கம் என்றால் அந்த நாட்டில் வெயிலே படாது. அந்த அறைக்குள் போய் இருக்க ஒரு பெண் முன்வந்தாள். ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை, தானாகவே கேட்டாளாம். அவளைத் தேவாலயத்தின் நடுவில் படுக்கவைத்து, செத்தவர்களுக்குச் சொல்கிற செபங்களை எல்லாம் முறையாகச் சொன்னார்கள். மண் தூவினார்கள். பிறகு அவள் எழும்பித் தன் காலால் நடந்து அறைக்குள் போனாள். கொத்தனார் வாசலைக் கல் வைத்துக் கட்டினார். அன்றிலிருந்து உலகத்தின் கணக்கில் அவள் இறந்தவள். சாகும்வரை அதற்குள்தான் இருந்தாள். அவளைப் போன்றவர்களுக்குத்தான் ஆங்கரஸ் என்று பெயராம்.

சாப்பாடு வர ஒரு துளை, பூசை பார்க்க ஒரு துளை, தேவாலயத்துக்குள் வந்து நிற்கிறவர்களோடு கதைக்க ஒரு யன்னல். அந்த யன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். அவள் முகத்தை ஒருவரும் பார்க்கக் கூடாது, குரல் மட்டும் கேட்கலாம். பிறகு வந்த ஓர் அரசன் பாப்பரசரோடு சண்டை பிடித்து, இப்படியான அறைகளை எல்லாம் ஒழித்தான். அறை போனது. யன்னலைச் சாந்து பூசி மூடினார்கள். அது அங்கே இருந்ததையே ஊர் மறந்துவிட்டது. எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு ரயில் பாதைக்காகத் தேவாலயத்தை இடித்தபோதுதான் சாந்துக்குள்ளிருந்து யன்னல் வெளியே வந்தது. அந்த ஊர்க் கொத்தனார் ஒருவர் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தபோது அந்தக் கற்களைத் தன்னோடு கொண்டுவந்தார். இந்தத் தேவாலயத்தைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். எங்கள் ஆட்கள் அம்மியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிய மாதிரித்தான் இதுவும். ஊரை விட்டு வருகிறவனுக்குப் பாரமான ஏதோ ஒன்று கையில் வேண்டும்.

யன்னலின் கீழ்க்கல் தேய்ந்து குழிந்திருக்கிறது. ஹெலன் என் கையைப் பிடித்து அந்தக் குழியில் வைத்தார். உள்ளே இருந்தவளின் பக்கம் கல் புதிதாக வெட்டியது போல இருக்கிறது. தேய்ந்திருப்பது வெளியே வந்து நின்றவர்களின் பக்கம்தான்.

வீட்டுக்கு வந்து மறுபடி எழுதினேன். செபம் முடிந்து ‘சனங்கள் போய்விட்டார்கள்’ என்ற வரியில் பேனா நின்றுவிட்டது. எப்படிப் போயிருப்பார்கள்? எங்கள் ஊரில் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் ‘போட்டு வாறன்’ என்று சொல்லித்தான் புறப்படுவோம். போகிறேன் என்ற சொல் வாயில் வரவே கூடாது. செத்த வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அந்தச் சனங்கள் என்ன செய்தார்கள்? செத்தவளாகச் சடங்கு செய்துவிட்டுப் பேசாமல் போனவர்கள், மறுநாள் யன்னலடியில் வந்து நின்று கதைத்திருக்கிறார்கள். பிறகு அவளிடம் சொல்லிக்கொண்டு போனார்களா, சொல்லாமல் போனார்களா? தாளில் அது இல்லை.

4

என் அண்ணை றேடியோ திருத்துகிறவர். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஈயம் உருக்குகிற புகைக்குள் குனிந்தபடி இருப்பார். ஓரெழுத்து மனிதர். எதற்கும் ‘ம்’ தான். ‘சாப்பிட்டியளோ அண்ணை?’ ‘ம்.’ ‘போட்டு வாறன் அண்ணை.’ ‘ம்.’ சொல்லாமல் புறப்பட்டால் மட்டும் அந்த எழுத்து நீளும். தலையைத் தூக்காமலே, கடைசியில் மேலே இழுத்து, ‘ம்ம்?’ என்பார். அதைக் கேட்டால் வாசல் படலையில் வைத்த கை அப்படியே நின்றுவிடும். திரும்பி நின்று சொல்லிவிட்டுத்தான் நான் போவேன். இன்றைக்கும் என் பிடரியில் அந்தக் குரல் இருக்கிறது.

சண்டையின் முடிவில் சனங்களோடு சனமாக மச்சாள், அண்ணை, சின்னப் பிள்ளையாகத் துளசி. ஆமிக்காரரின் சோதனை நடந்த இடத்தில் அண்ணையை மட்டும் கூப்பிட்டார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்களாம். அன்றைக்கு அண்ணை மச்சாளைப் பார்த்து, ‘போட்டு வாறன்’ என்று முழுதாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளை கத்திக்கொண்டிருந்ததில் மச்சாளுக்கு வேறு சொல் வரவில்லை.

“நான் ‘ம்’ எண்டு மட்டும்தான் சொன்னனான், வசந்தி,” என்று ஒருமுறை சொன்னார். ஒரே ஒருமுறை.

அண்ணை திரும்பி வரவில்லை. பிறகு எத்தனை அரசாங்கக் கந்தோர், எத்தனை வரிசை. இறந்துவிட்டார் என்று சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். மச்சாள் வாங்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில், தொலைபேசி வழியாக மொழிபெயர்த்த தமிழ்நாட்டுப் பெண்மணி கேட்டார்.

“உங்க கணவர் இருக்காராம்மா?”

“ஓம், இருக்கிறார்.”

“எங்க இருக்காரு?”

“தெரியாது.”

அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞன் ‘பிரிந்து வாழ்பவர்’ என்று பதிந்துவிட்டான். மச்சாளுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. “நாங்கள் சண்டை பிடிக்கேல்லை எண்டு சொல்லும் அவனுக்கு!” என்றார். நான் சொன்னேன். அவன் மன்னிப்புக் கேட்டான். ஆனால் வேறு எதைப் பதிவது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

5

யன்னலின் கதையை வீட்டில் மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, “வாசலைக் கட்டினாப் பிறகு அவளுக்கு ஆர் விளக்கு வைச்சது?” என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து பெற்றோர் எல்லாரும் போன பின்னர், மச்சாளைக் கூப்பிடத் தேவாலயத்துக்குள் போனேன். வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. உள்ளே அவர் வடக்குச் சுவரோடு நின்றார். கை கீழ்க்கல்லின் குழியில் இருந்தது. அளவெடுத்துச் செய்தது போல அது அதில் பொருந்தியிருந்தது. துளசிக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சாதாரணமாக, சாப்பாட்டு மேசையில் கதைக்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பெடியன் மெல்பேர்னில் வேலையாம், தாய் தகப்பன் திருச்சிக்காரராம், அங்கேயே த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் தாலி கட்டாம். பிறகு, “சரி, வசந்தி வந்திட்டா. போட்டு வாறன்,” என்றார்.

“ம்.”

எனக்குக் கேட்டது. அவ்வளவுதான், வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. மச்சாள் ஒன்றும் நடக்காதது போல என்னைக் கடந்து நடந்தார். நான் யன்னலடிக்குப் போய்க் கையை உள்ளே விட்டேன். ஒரு சாண் கூட இல்லை, உடனே கல் இடித்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்து வருவது போல் ஒரு குளிர்ந்த காற்று விரல்களுக்கிடையில் வந்தது. அதில் இலேசாக ஈயம் உருகுகிற மணம். நான் அதை முகர்ந்து எத்தனையோ காலம்.

வெளியே ஓடிப்போய்ச் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தேன். முழுச் சுவர். துளையும் இல்லை, அறையும் இல்லை. மதியவெயிலில் குப்பைத் தொட்டிகள் நின்றன. சுவரில் கையை வைத்தேன், சுட்டது.

ஆஸ்பத்திரியில் என் பகுதியில் ஏதாவது சரியாக இல்லையென்றால் மறுபடி இயந்திரத்தில் போடுவோம். அதே மாதிரி மறுவாரமும் போய் நின்றேன். மச்சாள் சொன்னார். அங்கிருந்து ‘ம்’ வந்தது. மண்டபத்துக் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் என்றும், கூரையில் புறா என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மச்சாளிடம் கேட்கவில்லை. அவர் அந்தக் காலத்தில் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாக நித்திரை கொண்டார். கேட்டால் அது நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம்.

6

பிறகு கார்ட் வேலை தொடங்கியது. எங்கள் வழக்கப்படி இறந்தவர் என்றால் ‘அமரர்’ அல்லது ‘காலஞ்சென்ற’. உயிரோடு இருப்பவர் என்றால் ‘திரு’. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல்லைத் தமிழ் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. இதைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்காமல் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளையின் அம்மா தொலைபேசி எடுத்தார். நல்ல மனிசி, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். மச்சாள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெண்டிக்காய் வெட்டிக்கொண்டு கதைத்தார்.

“சம்பந்தி, கார்டுக்கு எல்லாம் ரெடி பண்ணிட்டேன். அண்ணா பேருக்கு முன்னாடி லேட்னு போட்டுடலாங்களா?”

மச்சாள் கத்தியை வைத்துவிட்டு யோசித்தார்.

“ஓம், லேட் தான்,” என்றார். “என்ன செய்யிறது? சரியா லேட்டாப் போச்சு.”

“ஐயோ பாவம். சரிங்க, அப்படியே போட்டுடறேன்.”

“போடுங்கோ. எண்டாலும் கல்யாணத்துக்கு வந்திடுவார்.”

“ஆமா ஆமா, வராம இருப்பாரா? மேலேர்ந்து அவர் ஆசீர்வாதம் பண்ணுவாருங்க.”

எனக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் குழாயை மூடினேன். கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா போனை வைத்துவிட்டார். திருப்பி எடுத்து விளக்கலாம்தான். எதை விளக்குவது?

மாதிரிக் கார்ட் துளசியின் போனுக்கு வந்தது. அண்ணையின் பெயருக்கு முன்னால் தங்க எழுத்தில் ‘லேட் திரு’. துளசி அதை மறைக்கப் பார்த்தாள். மச்சாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

“இதென்ன, லேட் எண்டு கார்டிலையும் போட்டிருக்கினம்?”

துளசி என்னைப் பார்த்தாள். பிறகு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அது வேற லேட். லேட் எண்டா... செத்துப் போனவை,” என்றாள். “ஸொறி அம்மா. ஐ வில் சேஞ்ச் இட். இப்பவே சொல்லுறன்.”

மச்சாள் போனை மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“எத்தினை பேர் கேட்டவங்கள்,” என்றார். “ஒருத்தனுக்கும் நான் ஓம் எண்டு சொல்லேல்லை. இப்ப என்ரை வாயாலை ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“தெரியாமல் சொன்னதுதானே மச்சாள்,” என்றேன்.

“தெரியாமல் சொன்னாலும் வாய் என்ரைதானே?”

துளசி அழத் தொடங்கினாள். இந்தப் பிள்ளை அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. கோபத்தையும் சந்தோசத்தையும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்கிறவள், அன்று தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள். “எனக்கு அப்பாவைச் சாகக் குடுக்க விருப்பமில்லை அம்மா. ஆனா திரு எண்டு போட்டா எல்லாரும் வந்து, அப்பா எங்கை எண்டு கேப்பினம். நான் மணவறையிலை இருந்துகொண்டு ஒவ்வொருத்தருக்கும் சொல்ல ஏலாது.”

மச்சாள் அவளுடைய தலையைத் தடவினார். “சனிக்கிழமை சொல்லுறன்,” என்றார். அவ்வளவுதான்.

7

அந்தச் சனிக்கிழமை வகுப்பில் நான் என்ன படிப்பித்தேன் என்று ஞாபகமில்லை. எல்லாரும் போனதும் தேவாலயத்துக்குள் போனேன். மச்சாள் வடக்குச் சுவருக்கு முன்னால் நின்றார். கையைக் கல்லில் வைக்கவில்லை. இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தார். ஒன்றும் கதைக்கவில்லை. வெளியே வாகனங்கள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வர்ணக் கண்ணாடியால் வந்த வெயில் தரையில் கிடந்தது.

பிறகு திரும்பினார். போட்டு வாறன் என்று சொல்வார், சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. என்னையும் பார்க்காமல், தலையைக் குனிந்தபடி, திரும்பிப் பார்க்காமல் நடுவழியால் நடந்து வெளியே போனார். எங்கள் ஊரில் எந்த வீட்டிலிருந்து அப்படிப் புறப்படுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இத்தனை காலம் அவரோடு சேர்ந்து நானும் சொல்லாமல் இருந்த ஒன்றை அவர் தனியாகவே செய்து முடித்துவிட்டுப் போகிறார்.

நல்லது, இனி அவர் வெளியே வந்துவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மின்விளக்குகளை அணைத்தேன். நானும் சொல்லாமல்தான் போக வேண்டும். கதவடிக்கு வந்து, பிடியில் கையை வைத்தேன்.

பின்னால் இருந்து, கடைசியில் மேலே இழுத்து,

“ம்ம்?”

கை அப்படியே நின்றுவிட்டது.

அது புறா இல்லை. என் பிடரிக்குத் தெரியும். தலையைத் தூக்காமல், வேலையை விடாமல், யாரோ சொல்லாமல் போகிறார்களே என்று கேட்கிற குரல். கார் திடலில் மச்சாள் ஏறிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் திரும்பினேன். அரையிருட்டில் அந்தச் சின்னச் சதுரம் மட்டும் சுவரைவிடக் கறுப்பாக இருந்தது, துணி போட்டு மூடியது போல.

“போட்டு வாறன் அண்ணை,” என்றேன்.

“ம்.”

கதவைச் சாத்திவிட்டுக் காருக்கு வந்தேன். மச்சாள் முன்சீற்றில் இருந்து இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டிருந்தார். முகம் கழுவியது போலத் தெளிவாக இருந்தது.

“கார்டை மாத்த வேண்டாமெண்டு துளசியிட்டைச் சொல்லும்,” என்றார். “அப்பிடியே அடிக்கட்டும்.”

“ஓம் மச்சாள்.”

காரைத் திருப்பி வீதிக்கு எடுத்தேன். கொஞ்சத் தூரம் போனதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

“உள்ளுக்கை ஆரோடை கதைச்சனீர்?”

“ஒருத்தரோடையும் இல்லை,” என்றேன்.